எச்சரிக்கை விடுக்கப்பட்டது, எச்சரிக்கப்பட்டவர் யார்?

2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். ஒரு திருமணத்துக்கு வந்த இடத்தில் கடல் பார்க்கச் சென்றவர்கள். அதற்கு முன்பே கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) கேரளக் கரைக்கும் தென் தமிழகக் கரைக்கும் கடல் ஏற்றத்தைக் கணித்துச் சொல்லியிருந்தது. கணிப்பில் பிழையில்லை. கடற்கரைக்குச் செல்லும் வழி அடைக்கப்பட்டிருந்ததாகவும், மாணவர்கள் தோப்பு வழியாக உள்ளே சென்றதாகவும் காவல்துறை தெரிவித்தது. ஆக, ஆவணங்களின்படி எவர் மீதும் குற்றமில்லை. எச்சரிக்கை விடுக்கப்பட்டது, ஐவர் இறந்தனர். இவ்விரண்டு வாக்கியங்களும் ஒரே செய்தியில் அடுத்தடுத்து நிற்க முடிகிறதே, அது எப்படி என்று எவரும் கேட்கவில்லை.

'எச்சரிக்கை விடுக்கப்பட்டது' என்பதில் செய்தவர் இல்லை. யார் விடுத்தார், யாருக்கு விடுத்தார் என்ற இரண்டையும் அந்தச் செயப்பாட்டு வினை விழுங்கிவிடுகிறது. கடல்சார் அறிவிப்புகளின் நடை முழுவதும் இப்படித்தான். 'கடலோரப் பகுதிகளில் இருப்போர் எச்சரிக்கையாக இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.' இதைக் கேட்டவுடன் ஒருவர் தம் உடலால் செய்ய வேண்டியது என்ன? எழுவதா, ஓடுவதா, படகை இழுத்து மேலேற்றுவதா, நின்ற இடத்திலேயே நிற்பதா? வாக்கியம் சொல்லவில்லை. அது கடற்கரையில் நிற்பவருக்காக எழுதப்படவில்லை. பின்னாளில் வரக்கூடிய விசாரணைக்காக எழுதப்பட்டது.

மொழியியல் வகுப்பில் முதலாண்டிலேயே ஜே. எல். ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாடு கற்பிக்கப்படுகிறது. எச்சரித்தல் என்பது சொல்லை வெளியே அனுப்புவதோடு முடிகிற செயலன்று. கேட்பவர் அதைக் கேட்டு, எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டால்தான் எச்சரித்தல் நிகழ்ந்தது எனலாம் என்று ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் விளக்கினார். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதப்படும் இந்தக் கருத்து, வகுப்பறையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடற்கரைக்குச் சென்று சேரவில்லை. காரியவட்டத்து வளாகத்திலிருந்து வேளிக்கு எவ்வளவு தூரம்?

திருவனந்தபுரத்துக் கடலை இரு கூட்டத்தார் பயன்படுத்துகின்றனர். பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம், புல்லுவிளை ஊர்களின் மீனவர்கள் ஒரு கூட்டம். வேளியிலும் ஆக்குளத்திலும் படகேறுவோர், பூவாறில் நெய்யாற்றின் முகத்துவாரம்வரை சுற்றுலாப் படகில் செல்வோர், கோவளத்தில் அலைப்பலகையோடு இறங்குவோர், இவர்களை அழைத்துச் செல்லும் படகோட்டிகள், வழிகாட்டிகள், விடுதிக்காரர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்குக் கடல் பிழைப்பு. இரண்டாம் கூட்டத்துக்குப் பொழுதுபோக்கு. தண்ணீர் ஒன்று. அதைப் பற்றிய செய்தி மட்டும் ஒரு கூட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடப்பதில்லை. 2024 மார்ச் 31 அன்று கள்ளக்கடல் திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளில் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. மீனவர் குடியிருப்புகளுக்கு அந்தச் சொல் அன்று புதிதன்று; முன்னறிவிப்பின்றி வரும் திருடனைப் போன்ற கடல் என்று அவர்களே இட்ட பெயர் அது. ஐந்து வாரம் கழித்து லெமூர் கடற்கரைக்குச் சென்றவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டிருந்தார்கள் என்று யார் உறுதி சொல்ல முடியும்? கேட்டிருந்தாலும் கள்ளநோட்டு, கள்ளச்சாராயம் என்று பழகிய காதுக்கு அது பொய்யான கடல் என்றுதான் தொனிக்கும். பொய்யானதற்கு யார் அஞ்சுவார்?

கள்ளக்கடலின் இயல்பை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைதூரத்தில் புயல் வீசுகிறது. அது எழுப்பிய நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து கேரளக் கரையையும் குமரிக் கரையையும் அடைகின்றன. இங்கே காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிந்திருக்கலாம். கடல் மட்டும் திடீரென மேலேறும். நிலநடுக்கத்தால் எழும் ஆழிப்பேரலையிலிருந்து இது முற்றிலும் வேறு. இதைச் சொல்ல ஒரு படகோட்டிக்குப் போதிய மூச்சு இருக்கிறது. சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு என்று எவரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை என்பதே குறை.

ஒப்படைக்கவில்லை என்பதோடு நிற்கவில்லை. சொல்லாதே என்றும் தடுக்கப்படுகிறார். ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் ஒரே அறிவுரை: 'அதிகாரப்பூர்வமான செய்தியைத் தவிர வேறெதையும் பகிராதீர்கள்.' கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த அறிவுரைதான் இங்கே மறுக்கப்பட வேண்டியது. இது மக்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்வதையே நோயாகக் கருதுகிறது. செய்தி மேலிருந்து கீழே ஒரே வழியில் இறங்க வேண்டும், கிடைமட்டமாக நகரக் கூடாது என்று கருதுகிறது. கடற்கரை வரலாறு இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரம் காலை 6.29 மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. தமிழகக் கரையை அலை தாக்கியது 9 மணியை ஒட்டி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தது. அந்நேரத்தில் அதிகாரப்பூர்வமான செய்தி எங்கே இருந்தது? வானிலைத் துறையின் தொலைநகல், பதவியிலிருந்து விலகிவிட்ட முந்தைய அமைச்சரின் முகவரிக்குச் சென்றது. அதே காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அவ்வூர்க்காரர்; அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்; தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்தவர். வீட்டாரிடம் ஓடச் சொன்னார், ஊராரிடம் சொல்லச் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் ஊரில் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. படகுகள் உடைந்தன. ஊரார் உயிர் தப்பினர்.

அந்த அழைப்பு அதிகாரப்பூர்வமானதன்று. இன்றைய அறிவுரையின்படி அதைப் பகிர்ந்திருக்கவே கூடாது. அதை நம்பத்தக்கதாக்கியவை இரண்டு. ஒன்று, அது அறிந்த குரல். மற்றொன்று, அந்தத் தகவல் மையம் அன்று மட்டும் பேசியதன்று. புதுச்சேரிக் கரையில் அந்நிறுவனம் நடத்திய மையங்கள் அலையின் உயரம் போன்ற அன்றாடச் செய்திகளை மீனவருக்குச் சொல்லிவந்தவை. நாள்தோறும் சிறிய உண்மைகளைச் சொன்ன வாயிலிருந்து வந்ததால்தான் பெரிய உண்மை நம்பப்பட்டது.

அதே நாளின் மறுபக்கம் கேரளத்தில் இருக்கிறது. அலை இலங்கையின் தெற்கைச் சுற்றி வளைந்து மேற்குக் கரைக்கு வந்தது. கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டில் அது ஏறியது நண்பகலை ஒட்டி. அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னைக்கும் ஆலப்பாட்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மணி நேரம். முற்பகலிலேயே கீழைக்கரையின் சாவுகள் செய்தியாகிவிட்டன. செய்தி இருந்தது, அது இக்கரையைப் பற்றிய செய்தியும்தான் என்று ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் ஏற்பாடு இருக்கவில்லை. ஆலப்பாட்டில் குறைந்தது தகவல் அன்று, முகவரி.

வதந்தியின் ஆபத்தை இங்கே எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஆழிப்பேரலை ஓய்ந்த நான்காம் நாள், 2004 டிசம்பர் 30 அன்று, தமிழகக் கரையிலும் கேரளக் கரையிலும் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்களே, அந்த வதந்தியைக் கிளப்பியது யார்? மற்றொரு பேரலை வரக்கூடும் என்று சொன்னது மத்திய உள்துறை அமைச்சகம். அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் ஊகமே அதற்கு அடிப்படை. அதில் அறிவியல் இல்லை என்று அதே அரசின் மற்றொரு அமைச்சர் அன்றே மறுக்க வேண்டியிருந்தது. அதிகாரப்பூர்வம் என்ற முத்திரை வேறு, உண்மை வேறு என்பதை அந்த ஒரு நாள் போதுமான அளவு மெய்ப்பித்தது. முத்திரையைப் பாராமல் மூலத்தைப் பார்க்கக் கற்றுத்தருவதே வதந்திக்கு மருந்து.

மூலத்தைப் பார்க்கும் வழக்கம் இம்மொழிகளின் இலக்கணத்திலேயே இருக்கிறது என்பதை மொழியியலார் சொல்லியிருக்க வேண்டும். 'அலை வரும்' என்பதும் 'அலை வருமாம்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதன் ஈற்றிலுள்ள 'ஆம்', இதைப் பேசுபவர் தாமே கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்று அறிவித்துவிடுகிறது. மலையாளத்தின் 'அத்ரே' ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. திருவனந்தபுரத்தில் இரு மொழிகளிலும் புழங்கும் ஒருவருக்குக் கேள்விச் செய்தியைக் கேள்விச் செய்தியாகவே சொல்ல இரண்டு கருவிகள் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்த நேர்மையைத் தவறுவதில்லை. வாட்ஸப்பில் மேலனுப்பப்படும் செய்தியில் முதலில் உதிர்வது இந்த 'ஆம்'. செய்தித்தாளின் நடையை, அறிவிப்பின் நடையைப் போலி செய்து, 'பேரலை வருகிறது' என்று அது எழுதப்படுகிறது. வதந்தி என்பது ஊர்ப்பேச்சு அரசாங்க நடையில் உடுத்திக்கொள்ளும் வேடம். இந்த நோயைப் பரப்பியது அறிவிப்பு நடையே. பழி சுமப்பது ஊர்ப்பேச்சு.

எல்லாருக்கும் ஒரே வாக்கியம் என்ற பழக்கத்துக்கு உயிர்ச்சேதம் விளைவிக்கும் ஆற்றலும் உண்டு. 'உடனே கரைக்குத் திரும்புங்கள்' என்பது புயலுக்கு முன் சரியான சொல். ஆழிப்பேரலை வரும்போது அதே சொல் கொல்லும். ஆழ்கடலில் அந்த அலை மணிக்கு 700 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆனால் அங்கே அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. படகிலிருப்பவர் உணராமலே அது கடந்துபோகும். ஆழம் குறையக் குறைய அது வேகத்தை இழந்து உயரத்தைப் பெறுகிறது. எனவே ஆழ்கடலில் இருக்கும் படகு துறைமுகத்துக்குத் திரும்பக் கூடாது. கரையிலும் முகத்துவாரத்திலும் இருப்பவர் படகை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். பூவாறில் படகில் அமர்ந்திருப்பவர் தாம் கடலில் இல்லை, ஆற்றில்தான் இருக்கிறோம் என்று எண்ணலாம். பேரலைக்கு முகத்துவாரம் திறந்த கதவு. 2004இல் பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. கடலில் இருப்பவருக்கு ஒரு வாக்கியம், கரையில் இருப்பவருக்கு ஒரு வாக்கியம், கழியில் இருப்பவருக்கு ஒரு வாக்கியம் என மூன்று தேவை. ஹைதராபாத்திலிருந்து ஒவ்வொரு படகுத்துறைக்கும் தனித்தனியே எழுத முடியாது. அவ்வத்துறையில் இருப்பவர்தாம் தம் கூட்டத்துக்கேற்ப மாற்றிச் சொல்ல முடியும். பகிர்தல் அங்கே வெறும் நகலெடுப்பன்று, மொழிபெயர்ப்பு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இதை மிகக் கொடிய விலையில் காட்டியது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், புயல் என்று துறையின் சொற்கள் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தன. 'புயல்' என்ற சொல் வந்தது நவம்பர் 30 அன்று. அதற்குள் திருவனந்தபுரம், குமரி மாவட்டங்களின் வள்ளங்கள் தொலைபேசி எட்டாத தூரத்தில் இருந்தன. பின்னர், முன்கூட்டியே சொன்னோம் என்று மத்தியத் துறையும், சொல்லவில்லை என்று மாநில அரசும் வாதிட்டன. விதவைகளுக்கு அந்த வாதத்தில் இடமில்லை. சொன்னோமா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டார்களா என்று கேட்டவர் இல்லை.

பேரிடர் அறிவை ஒரு சமூகம் தன் பேச்சுக்குள்ளேயே வைத்துக் காக்க முடியும் என்பதற்குச் சிமெலூ தீவு சான்று. சுமத்ராவை ஒட்டிய அத்தீவில் 1907இல் பேரலை பலரைக் கொண்டுபோனது. அதன்பின் 'ஸ்மாங்' என்ற ஒரு சொல் தலைமுறைகளின் வழியே வந்தது: நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004இல் அத்தீவு அதிர்வின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தவர் எழுவர் மட்டுமே. தமிழிலும் கடல்கோள் என்ற சொல் இருக்கிறது. குமரிக்கண்டத்தைப் பற்றிப் பேச அது நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்படுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியபோது அதைக் கேட்டு ஓடியவர் ஒருவரும் இல்லை. பெருமைக்கு வைத்திருந்த சொல் அது, ஓடுவதற்கு வைத்திருந்ததன்று.

கல்வியுலகம் தன் பங்குக்குச் செய்தது என்ன? மீனவரின் 'கள்ளக்கடல்' ஆய்விதழ்களில் ஏறியது. 2012இல் யுனெஸ்கோவின் ஏற்பையும் பெற்றது. மகிழ்ச்சி. ஆனால் மீனவரிடமிருந்து எடுத்த அந்தச் சொல்லை வேளியில் படகேறும் கல்லூரி மாணவருக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலை ஆய்வாகக் கருதப்படவில்லை. அதற்கு மேற்கோள் எண்ணிக்கை கிடைக்காது. மக்கள் அறிவு என்று கருத்தரங்குகளில் கைதட்டப்படுவது, மக்கள் அந்த அறிவைத் தமக்குள் பகிரத் தொடங்கியதும் வதந்தி என்று பெயர் மாறுகிறது. விதிவிலக்குகள் உண்டு. திருவனந்தபுரத்து மீனவருக்கு வானிலைச் செய்தியை அவர்கள் பேச்சிலேயே ஒலியாகக் கொண்டுசென்ற 'ரேடியோ மன்சூன்' முயற்சி அவற்றுள் ஒன்று. அது மீனவரோடு நின்றது; பொழுதுபோக்குக்காகக் கடலுக்கு வருவோருக்கு அப்படியொன்று இல்லை.

பொழுதுபோக்கினர் பொறுப்பற்றவர், அவர்களிடம் இதை ஒப்படைக்க முடியாது என்பது அடுத்த மறுப்பு. 2004இல் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. தொலைவிலுள்ள வானொலி ஆர்வலர்களோடு பேசி மகிழ்வதற்காகச் சென்ற குழு அது. பேரலைக்குப் பின் தொலைபேசிகள் ஓய்ந்தபோது அந்தமானின் செய்தியை வெளியுலகுக்குக் கடத்தியது அந்தப் பொழுதுபோக்குக் கருவிதான். பயிற்சியும் ஒழுங்கும் இருந்ததால் முடிந்தது. தமக்குக் கேட்டதை, கேட்ட நேரத்தோடும் சொன்னவரின் அடையாளத்தோடும் திருப்பிச் சொல்வது வானொலியாளரின் அன்றாட வழக்கம். படகோட்டிக்கு அதைக் கற்றுத்தர முடியாது என்பது அவமதிப்பு.

கற்றுத்தர வேண்டியது அதிகமில்லை. நிலநடுக்கச் செய்தி தானாகவே பேரலைச் செய்தியாகிவிடாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, சென்னையில் மக்கள் கடற்கரையை விட்டு ஓடினர். கடலடிப் பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. ஆகவே பகிரப்படும் ஒவ்வொரு செய்தியிலும் ஐந்து விடை இருக்க வேண்டும்: எங்கே நிகழ்ந்தது, எத்தனை மணிக்கு, யார் சொன்னது, இந்தத் துறையில் இருப்பவர் செய்ய வேண்டியது என்ன, எதுவரை. மூன்றாவது விடை தெரியாவிட்டால் 'ஆம்' போட்டுச் சொல்வது கட்டாயம். எச்சரிக்கை விலக்கப்பட்டதும் அதையும் அதே குரல் சொல்ல வேண்டும். இன்காய்ஸின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது; சரிபார்க்க இடம் இல்லாத காலம் போய்விட்டது.

ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்ற இரு சிற்றூர்களை 2020இல் யுனெஸ்கோவின் பெருங்கடல் ஆணையம் ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான ஊர்களாக ஏற்றது. வரும் செய்தியை ஊர் தனக்குள் கொண்டுசேர்க்குமா, மக்களுக்கு ஓடும் வழி தெரியுமா என்பவை அந்த ஏற்புக்குரிய அளவுகோல்களில் உள்ளவை. வேளிக்கும் பூவாறுக்கும் கோவளத்துக்கும் அதே அளவுகோலை வைக்க என்ன தடை? உயிர்காப்பு அங்கியில்லாத படகுக்கு உரிமம் கிடையாது என்று சொல்ல முடிகிற நிர்வாகம், அன்றைய கடல்நிலையைச் சொல்லத் தெரியாத படகோட்டிக்கும் உரிமம் கிடையாது என்று சொல்லலாம். மாணவர் சுற்றுலாவுக்கு அனுமதிக் கடிதம் கேட்கும் கல்லூரிகள், போகும் கரையின் அன்றைய அறிவிப்பை ஒருவர் படித்துக் காட்டினாரா என்றும் கேட்கலாம். மொழியியல் துறைகள் அந்த அறிவிப்பை ஏவல் வினையில், இரு மொழிகளிலும், மூன்று வகைக் கேட்போருக்குமாக எழுதித் தரலாம். ஒரு பருவத்து மாணவர் திட்டத்துக்குள் முடிகிற வேலை.

சுற்றுலாப் படகின் கயிறு அவிழ்க்கப்படுவதற்கு முன் பத்து நொடி போதும். 'இன்று மாலைவரை கடல் ஏறுமாம். இன்காய்ஸ் காலையில் சொன்னது. முகத்துவாரத்துக்குப் போகமாட்டோம். மணலில் இறங்காதீர்கள்.' எழுவாய் இருக்கிறது, மூலம் இருக்கிறது, கேட்பவர் எதிரில் அமர்ந்திருக்கிறார். லெமூர் கடற்கரைக்குச் சென்ற ஐவருக்கு இந்த வாக்கியங்களை முகம் பார்த்துச் சொல்லும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. எச்சரிக்கை விடுக்கப்பட்டது என்று எழுதிக் கோப்பை மூடியவர்கள் இனியாவது அந்தக் கடமை யாருடையது என்று ஒரு பெயரை எழுதட்டும்.